அடிக்கப் பழக முதல் இறங்கப் பழகுங்கள்: கரப்பந்துக்குப் புதிதாக வருபவர்களுக்கு

கரப்பந்து பழக வருகிற பிள்ளைகள் முதல் நாளே கேட்பது, "அண்ணை, ஷொட் எப்படி அடிக்கிறது?" என்றுதான். அதில் பிழையில்லை, அந்த ஆசையில்தான் எல்லோரும் இந்த விளையாட்டுக்குள் வருகிறோம். ஆனால் கிளிநொச்சிப் பக்கமோ முல்லைத்தீவுப் பக்கமோ ஏதாவது ஒரு சுற்றுப்போட்டிக்குப் போய், காலில் பண்டேஜ் சுற்றிக்கொண்டு கரையில் இருந்து பார்க்கிற பெடியங்களிடம் எப்படி நடந்தது என்று கேட்டுப் பாருங்கள். அனேகம் பேர் சொல்லும் கதை ஒன்றுதான்: எழும்பினேன், அடித்தேன், கீழே வரும்போது யாரோ ஒருவரின் பாதத்தில் மிதித்துவிட்டேன். பந்தின் நிறை வெறும் 260 முதல் 280 கிராம், நடுவில் வலை வேறு இருக்கிறது, எதிரணியோடு முட்டி மோதுகிற விளையாட்டும் இல்லை. அப்படியிருந்தும் இவ்வளவு பேர் காயப்படுகிறார்கள் என்றால், காரணத்தைப் பந்தில் தேடாமல் கால் நிலத்தைத் தொடும் அந்தக் கணத்தில்தான் தேடவேண்டும்.

அதனால் இதில் அடிப்பதைப் பற்றிக் குறைவாகவும் இறங்குவதைப் பற்றிக் கூடுதலாகவும் எழுதுகிறேன். கணுக்கால், முழங்கால், விரல், தோள் என்ற நான்கும்தான் கரப்பந்தில் அடிக்கடி அடிபடுபவை, நாரியையும் சேர்த்துக்கொள்ளலாம். திடீரென்று வரும் காயங்களில் முதலிடம் கணுக்காலுக்கு.

முதலில் நிலம்

எங்களுக்கு மரத்தளம் போட்ட உள்ளக அரங்கு கிடைப்பது அரிது. கிரவல் கொட்டி இறுக்கிய மைதானம், பள்ளிக்கூட வளவு, கோயில் வீதி, குளக்கட்டுக்குக் கீழே ஒரு வெட்டை, இவ்வளவுதான். ஆடுகளம் 18 மீற்றர் நீளம், 9 மீற்றர் அகலம் என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் அதைச் சுற்றி எல்லாப் பக்கமும் குறைந்தது 3 மீற்றர் வெறுமையாக இருக்கவேண்டும் என்பதைத்தான் இடம் போதாது என்று விட்டுவிடுகிறோம். பின்னால் முள்ளுக்கம்பி வேலி இருக்கிற இடத்தில் பந்துக்குப் பின்னால் ஓடுகிறவருக்கு வேலி கண்ணுக்குத் தெரியாது, அவருடைய கண் பந்தில்தான் இருக்கும். இடம் இல்லையென்றால் களத்தை ஒரு மீற்றர் சுருக்கிக்கொள்ளுங்கள், பழகுகிற காலத்தில் அதனால் ஒன்றும் குறைந்துவிடாது.

வலை கட்டிய கம்பத்தையும், அதை இழுத்துக் கட்டிய கம்பியையும், கம்பிக்காக நிலத்தில் அடித்த கட்டையையும் போய்ப் பாருங்கள். கம்பத்தில் ஆளுயரத்துக்குப் பழைய சாக்கையாவது மெத்தைத் துண்டையாவது சுற்றிக் கட்டவேண்டும், இழுவைக் கம்பியில் பளிச்சென்று தெரிகிற சீலைத் துண்டு தொங்கவேண்டும், கட்டை நிலமட்டத்துக்கு இறங்கியிருக்கவேண்டும். எல்லைக்கு நாடா அடித்து ஆணி இறுக்கியிருந்தால் ஆணித்தலை மேலே வந்திருக்கிறதா என்று ஒவ்வொரு பின்னேரமும் ஒரு சுற்று நடந்து பார்ப்பது நல்லது, முடிந்தால் நாடாவையே விட்டுவிட்டுச் சுண்ணாம்புத் தூளால் கோடு போடுங்கள். கிரவலில் சின்னச் சின்னக் கல் எப்போதும் மேலே கிளம்பும், அதைப் பொறுக்குவது பழக வந்த எல்லோருக்கும் உரிய வேலை, சின்னப் பெடியங்களுக்கு மட்டும் என்று ஒதுக்காதீர்கள். கார்த்திகை மழைக்குப் பிறகு களிமண் தரையில் பச்சையாக ஒரு வழுக்கல் படியும், அது காயும்வரை குதிக்கிற பயிற்சி வேண்டாம்.

இன்னொன்று, இது எங்கள் மண்ணுக்கே உரியது. புதிதாகப் பற்றை வெட்டி மைதானம் எடுப்பதாக இருந்தால் அந்த இடம் மிதிவெடி அகற்றி விடுவிக்கப்பட்ட இடம்தானா என்று கிராம அலுவலரிடம் கேட்ட பிறகுதான் மண்வெட்டி வைக்கவேண்டும். பழைய இடங்களிலும் துருப்பிடித்த இரும்புத் துண்டுகள் மழைக்கு மேலே வரும், காலில் ஏறினால் காயத்தைக் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ஏற்பு ஊசி தேவையா என்று கேளுங்கள்.

வலையின் உயரம் பெரிய ஆண்களுக்கு 2.43 மீற்றர், பெண்களுக்கு 2.24 மீற்றர். பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளைகளை இந்த உயரத்துக்கு அடிக்கவிட்டால் அவர்கள் எட்டாத பந்துக்காக நாரியைப் பின்னுக்கு வளைத்து, தோளை இழுத்து அடிப்பார்கள், பிழையான பழக்கமும் நோவும் ஒன்றாகவே வந்துசேரும். பிள்ளைகளுக்கு வலையை இறக்கிக் கட்டுங்கள்.

காலுக்கு என்ன போடுவது?

மணலில் வெறுங்காலோடு விளையாடலாம். கிரவலிலும் சீமெந்துத் தரையிலும் வெறுங்கால் கூடாது, செருப்போடு எங்கேயுமே குதிக்கக்கூடாது. குதிக்கால் தடித்து உயர்ந்த ஓட்டச் சப்பாத்து நேரே ஓடுவதற்கென்று செய்தது, பக்கவாட்டில் நகரும்போது அதுவே காலைப் பிரட்டிவிடும். அடி தட்டையாக, நிலத்தோடு ஒட்டினாற்போல, குதிக்காலை இறுக்கிப் பிடிக்கிற சப்பாத்துப் போதும், விலை கூடியதாக இருக்கவேண்டும் என்றில்லை. ஏற்கெனவே ஒருமுறை கால் பிரண்டவர்கள் மட்டும், லேஸ் கட்டி இறுக்குகிற கணுக்கால் பட்டி ஒன்று வாங்கி விளையாடும்போதெல்லாம் போட்டுக்கொள்ளுங்கள். அது மறுபடி பிரளுவதை நன்றாகவே குறைக்கும்.

உடம்பைச் சூடாக்குவது

வந்தவுடன் வலைக்கு ஓடி ஷொட் அடிக்கிற பழக்கத்தை இன்றைக்கே விடுங்கள். பத்து நிமிடம் போதும்: களத்தைச் சுற்றி மெதுவான ஓட்டம், பக்கவாட்டு நடை, முழங்காலை உயர்த்தி ஓடுவது, கையைச் சுழற்றுவது, அரைவாசி குந்தி எழும்புவது, அப்புறம் சின்னச் சின்னத் துள்ளல், பிறகு இருவர் இருவராகப் பந்தை மெதுவாகப் பரிமாறுவது. ஒரே நிலையில் நின்று நீட்டிப் பிடிக்கிற பயிற்சிகளை விளையாடி முடிந்த பிறகு செய்யலாம்.

இறங்குவது

இதற்கு இரண்டு கிழமை ஒதுக்குங்கள். பெடியங்களுக்கு அலுக்கும், அலுக்கட்டும்.

ஒரு சீமெந்துக் கல்லைப் படுக்கவைத்து, ஆடாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அதன்மேல் ஏறி நில்லுங்கள். குதிக்கவேண்டாம், ஒரு காலை முன்னுக்கு வைத்து அப்படியே கீழே விழுங்கள், இரண்டு காலும் ஒன்றாக, தோள் அகலத்துக்கு விலகி நிலத்தைத் தொடவேண்டும். பாதத்தின் முன்பகுதி முதலில், பிறகு குதிக்கால். தொட்ட அதே நேரத்தில் இடுப்பு கொஞ்சம் பின்னுக்குப் போய் முழங்கால் மடியவேண்டும், கதிரையில் இருக்கப் போகிறவர் பாதியில் நின்றதுபோல. காதைக் கொடுத்துக் கேளுங்கள்: "தொம்" என்று சத்தம் வந்தால் முழங்கால் மடியாமல் எலும்பு முழுவதும் அந்த அதிர்ச்சியை வாங்கியிருக்கிறது என்று அர்த்தம், நன்றாக இறங்குபவருக்குச் சத்தமே கேட்காது.

இப்போது உங்கள் கூட்டாளி ஒருவரை முன்னுக்கு நிற்பாட்டி, முழங்காலை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள், அல்லது போனைக் கல்லில் சாய்த்து மெதுவோட்டத்தில் வீடியோ எடுங்கள். இறங்கும்போது இரண்டு முழங்காலும் உள்ளுக்கு மடிந்து ஒன்றையொன்று பார்க்கிறதா? அதுதான் மிக ஆபத்தான நிலை, முழங்காலுக்குள் குறுக்காக ஓடுகிற நார் அறுந்துபோவது பெரும்பாலும் இப்படித்தான். பெண் பிள்ளைகளிடம் இதைக் கட்டாயம் பார்க்கவேண்டும், அவர்களுக்கு அந்த நார் அறும் வாய்ப்பு ஆண்களைவிடக் கூட. முழங்கால் பெருவிரலுக்கு உள்ளே போகாமல் பாதத்தின் நேருக்கு நிற்கவேண்டும். நிற்கவில்லையென்றால் தொடையிலும் பிட்டத்திலும் பலம் போதாது, கிழமைக்கு மூன்று நாள் அரைக் குந்தலும் ஒற்றைக்கால் குந்தலும் செய்யச் சொல்லுங்கள்.

கல்லிலிருந்து இறங்குவது சரியாகிவிட்டால் நின்ற இடத்திலேயே மேலே குதித்து அதே இடத்தில் இறங்குங்கள். அதுவும் சரியென்றால் ஓட்டம்.

வலக்கையால் அடிப்பவருக்கு ஓட்டம் இடம், வலம், இடம் என்று முடியும். இதில் கடைசிக்கு முந்தின அடியான அந்த வலது அடிதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அது நீளமாகவும் குதிக்கால் முதலில் ஊன்றுவதாகவும் இருந்தால், முன்னுக்கு ஓடிவந்த வேகம் அங்கே தடைபட்டு மேல்நோக்கித் திரும்பும். அந்த அடி கட்டையாக இருந்தால் வேகம் முன்னுக்கே போகும், ஆளும் காற்றில் மிதந்துபோய் வலைக்குக் கீழே மறுபக்கத்தில் இறங்குவார், அங்கே பிளொக்குக்கு, அதாவது வலைக்கு மேலே கையை நீட்டி அடியை மறிக்க, எழும்பியவரின் பாதம் இருக்கும். கணுக்கால் பிரளுகிற கதையின் தொடக்கம் அந்த ஒரு கட்டை அடிதான்.

சரி, இதை எப்படிச் சோதிப்பது? மண்ணில் ஒரு தடியால் கோடு கீறுங்கள். கோட்டில் எழும்பி, கையை வீசி, இறங்கிய பிறகு அசையாமல் நின்று குனிந்து பாருங்கள். இறங்கிய தடம் கோட்டிலிருந்து ஒரு பாதத்துக்கு மேல் முன்னுக்குப் போயிருந்தால் ஓட்டத்தைத் திருத்தவேண்டும். எங்கள் கிரவல் தரையில் தடம் அச்சுப்போல விழும், மரத்தளத்தில் விளையாடுபவர்களுக்கு இந்த வசதி கிடைக்காது. தடத்தில் இன்னொன்றும் தெரியும்: இடதுகால் தடம் மட்டும் ஆழமாகப் பதிந்து வலதுகால் தடம் மங்கலாக இருந்தால், நீங்கள் ஒற்றைக்காலில் இறங்குகிறீர்கள். இதற்குக் காரணத்தைக் காலில் தேடினால் கிடைக்காது. பெரும்பாலும் ஓட்டத்தை முந்தித் தொடங்கிவிட்டு, பந்து தலைக்குப் பின்னால் வந்துவிட, உடம்பை இடப்பக்கம் சாய்த்து அடித்திருப்பீர்கள். அரைச் செக்கன் பிந்தி ஓடத் தொடங்குங்கள், பந்தை முன்னுக்கு வைத்து அடியுங்கள், இரண்டு காலும் தானாகவே ஒன்றாக வரும்.

நோர்வேயில் 1990களில் கரப்பந்துக் கழகங்களில் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். ஓட்டத்தையும் இறங்குவதையும் பழக்கி, ஏற்கெனவே கால் பிரண்டவர்களுக்குச் சமநிலைப் பலகையில் பயிற்சி கொடுத்து, ஏன் காயம் வருகிறது என்று ஆட்டக்காரர்களுக்கு விளக்கியும் சொன்னார்கள். கணுக்கால் சுளுக்கு ஏறக்குறைய அரைவாசியாகக் குறைந்தது. அந்த ஆய்வு 1997இல் வெளியானது. அதில் எங்களால் செய்ய முடியாதது எதுவும் இல்லை, பலகைக்குப் பதிலாக ஒரு மடித்த தலையணையில் ஒற்றைக்காலில் நின்றுகொண்டு பந்து பிடிக்கலாம்.

நடுக்கோட்டைப் பற்றியும் சொல்லவேண்டும். பாதத்தின் ஒரு பகுதி நடுக்கோட்டில் அல்லது அதற்கு நேர் மேலே இருந்தால், மிச்சம் எதிர்ப்பக்கம் போவது சட்டப்படி பிழையில்லை. ஆனால் பயிற்சியில் நடுக்கோட்டைத் தாண்டி ஒரு விரல் போனாலும் புள்ளி எதிரணிக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நாள் சண்டை வரும், பிறகு எல்லோரும் நேரே மேலே எழும்பப் பழகிவிடுவார்கள். வரிசையாக ஷொட் அடித்துப் பழகும்போது பந்து வலைக்குக் கீழே உருண்டு வந்தால் யார் கண்டாலும் "பந்து!" என்று கத்தவேண்டும், ஓடத் தொடங்கியவர் நின்றுவிடவேண்டும். பந்தில் மிதித்துக் கால் முறிவது மட்ச்சில் நடப்பதைவிடப் பயிற்சியில்தான் கூட.

பிளொக்கும் விரலும்

பிளொக்கில் இருவர் சேர்ந்து எழும்பும்போது நடு ஆட்டக்காரர் கரைக்கு ஓடிவந்து பாய்வார், அந்த வேகத்தில் மற்றவரின் மேலேயே விழுவார். கடைசி அடியில் பாதத்தை ஊன்றி நிறுத்திவிட்டு நேரே எழும்பவேண்டும். கரையில் நிற்பவர் இடத்தைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்கவேண்டும், தேடி வருகிறவர்தான் அவரோடு பொருந்தவேண்டும். இறங்கி இரண்டு காலும் ஊன்றிய பிறகு பந்தைத் திரும்பிப் பாருங்கள், காற்றில் இருக்கும்போதே திரும்பினால் முழங்கால் முறுகும்.

விரல் அகல விரிந்து, இறுகி, கொஞ்சம் உள்ளுக்கு வளைந்து இருக்கவேண்டும். தளர்ந்த விரலைத்தான் பந்து மடக்கும். கட்டைவிரல் பந்தை நோக்கி நீட்டக்கூடாது, மேலே பார்க்கட்டும். அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கும்போதும் இதே கதைதான், பந்து கிட்ட வந்த பிறகு கையை உயர்த்தினால் விரல் நுனியில் குத்தும், பந்து வரமுதலே கை நெற்றிக்கு மேலே பந்தின் வடிவத்தில் காத்திருக்கவேண்டும். மோதிரம், காப்பு, மணிக்கூடு எல்லாவற்றையும் கழற்றிப் பைக்குள் வையுங்கள். மோதிரம் வலையில் மாட்டி விரலின் தோலையே உரித்துக்கொண்டு போயிருக்கிறது, கலியாண மோதிரம் என்றாலும் கழற்றத்தான் வேண்டும்.

தோள்

தோள் ஒரே நாளில் போகாது, மாதக்கணக்கில் தேயும். கையை மட்டும் வைத்து அடிப்பவர்களுக்குத்தான் அது சீக்கிரம் வரும். அடி இடுப்பில் தொடங்கவேண்டும்: முழங்கையைத் தோளைவிடத் தாழாமல் பின்னுக்கு எடுத்து, இடுப்பையும் நெஞ்சையும் திருப்பி, கடைசியில்தான் கை வரவேண்டும். பந்து அடிக்கிற தோளுக்கு முன்னால், கை நீண்ட நிலையில் படவேண்டும், தலைக்குப் பின்னால் போன பந்தை இழுத்து அறையாதீர்கள், தட்டிவிடுங்கள். அடித்த கையைத் திடீரென்று நிறுத்தாமல் கீழே போகவிடுங்கள். சேர்விஸும் இப்படித்தான், புதிதாகப் பழகுபவர்கள் முதல் மாதங்களில் பாய்ந்து அடிக்கிற சேர்விஸைத் தொடவே வேண்டாம். அப்புறம் பழைய சைக்கிள் ரியூப்பைக் கம்பத்தில் கட்டி, முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு வெளிப்பக்கம் மெதுவாக இழுக்கிற பயிற்சியைச் செய்யுங்கள், கையை வீசும்போது தோளைப் பிடித்து நிறுத்துகிற பின்தசைகளுக்கு அது பலம் கொடுக்கும்.

விழுந்து எடுப்பது

கிரவலில் பாய்ந்து எடுக்கப் பழகவேண்டாம். முல்லைத்தீவுக் கரையோரம் இருப்பவர்களுக்கு மணல் இருக்கிறது, மற்றவர்கள் வைக்கோல் தடிப்பாகப் பரப்பிப் பழகலாம். அடிப்படை ஒன்றுதான்: உயரத்திலிருந்து விழாதீர்கள். முதலே குந்திய நிலையில் நின்றால் விழுகிற தூரம் குறைவு. முழங்காலை முதலில் ஊன்றாமல் பக்கவாட்டில் தொடை, இடுப்பு, முதுகு என்று உருளுங்கள், நாடியை மேலே வையுங்கள். முழங்கால் உறை வாங்க முடிந்தால் முதலில் அதை வாங்குங்கள், ஜேர்சியைப் பிறகு பார்க்கலாம்.

எவ்வளவு குதிக்கலாம்?

திறமையான பிள்ளை என்றால் பள்ளிக்கூட அணியிலும் ஆள், ஊர்க் கழகத்திலும் ஆள், பக்கத்து ஊர் மட்ச்சுக்கும் கேட்டு வருவார்கள். கோயில் திருவிழாக் காலத்துச் சுற்றுப்போட்டியில் காலையில் தொடங்கி இரவு வெளிச்சத்தில் முடிகிறவரை அதே பிள்ளை குதித்துக்கொண்டிருப்பான். முழங்கால் சிரட்டைக்குக் கீழே, விரலால் அழுத்திக் காட்டக்கூடிய ஓரிடத்தில் நோ வரத் தொடங்கினால் அது நார் தாங்காமல் சொல்லும் முதல் சொல். கடினமான தரையில் இது கூடவே வரும். வளருகிற வயதில், ஏறக்குறைய 10 முதல் 15 வரை, அந்த இடத்தில் எலும்பே புடைத்து நோகும். பயப்படத் தேவையில்லை, வளர்ச்சி முடிய அனேகமாக மாறிவிடும், ஆனால் நோவோடு குதிக்கவைக்கக்கூடாது. கடுமையான குதிப்புப் பயிற்சிக்கு அடுத்த நாள் குதிப்பு இல்லாத பயிற்சி என்று மாற்றி மாற்றி வையுங்கள். பயிற்றுநர்கள், அம்மா அப்பாமார் இரண்டு பக்கமும் பேசிப் பிள்ளையின் கிழமையைச் சேர்ந்து திட்டமிடவேண்டும். வெற்றிக்கிண்ணத்துக்காகப் பதினான்கு வயதுப் பிள்ளையின் முழங்காலைப் பாழாக்குவதை என்னால் ஏற்கவே முடியாது.

ஆவணி வெயிலில் நான்கரைக்கு முன்னம் தொடங்காதீர்கள், தண்ணீரைத் தாகம் வரமுதலே குடியுங்கள். களைத்த கால் சரியாக இறங்காது.

அப்படியும் காயம் பட்டால்

கால் பிரண்டவுடன் செய்வது என்ன? நான்கு பேர் சேர்ந்து எண்ணெய் பூசி உருவுவது, இழுத்துவிடுவது. இதைச் செய்யாதீர்கள். முதல் இரண்டு மூன்று நாளைக்கு உருவலும் வேண்டாம், சூடும் வேண்டாம். சப்பாத்தைக் கழற்றி, காலை உயர்த்தி வைத்து, ஐஸைத் துணியில் சுற்றி 15 முதல் 20 நிமிடம் வையுங்கள், சில மணித்தியாலத்துக்கு ஒருமுறை திரும்ப வைக்கலாம், பண்டேஜை இறுக்கமாக ஆனால் விரல் நீலிக்காமல் சுற்றுங்கள். நாலு அடி நடக்க முடியவில்லை, அல்லது கணுக்காலின் இரண்டு பக்கமும் புடைத்து நிற்கிற எலும்பின் நுனியிலோ பின்விளிம்பிலோ அழுத்தினால் கடுமையாக நோகிறது, அல்லது பாதத்தின் வெளிக்கரை நடுவில் எலும்பு நோகிறது என்றால் எக்ஸ்றே எடுக்கவேண்டும். முறிவு நெரிவு வைத்தியரிடம் போகவேண்டும் என்று வீட்டில் பிடிவாதமாக நின்றால் போங்கள், ஆனால் எக்ஸ்றே எடுத்துவிட்டுப் போங்கள். முழங்காலில் "டக்" என்று சத்தம் கேட்டு ஒரு சில மணித்தியாலத்துக்குள் வீங்கினால், தோள் இடம் விலகினால், தலை நிலத்தில் அடித்து மயக்கமோ சத்தியோ வந்தால் தாமதிக்கவேண்டாம், 1990 அம்புலன்ஸுக்கு எடுங்கள், அது இலவசம்.

விரலை யாரையும் இழுக்கவிடாதீர்கள். நுனி தொங்கி, தானாக நிமிர்த்த முடியவில்லையென்றால் விரல் நிமிர்த்தும் நார் அறுந்திருக்கிறது, 6 முதல் 8 கிழமை நிமிர்த்திய நிலையிலேயே மட்டை கட்டி வைக்கவேண்டும், இடையில் ஒரு தரம் மடித்தாலும் திரும்ப முதலிலிருந்துதான்.

திரும்பி வருவதற்கு நாள் எண்ணாதீர்கள். வீக்கம் வற்றியிருக்கவேண்டும், கண்ணை மூடிக்கொண்டு காயப்பட்ட காலில் மற்றக் காலைப்போலவே நிற்க முடியவேண்டும், அந்த ஒற்றைக்காலில் முன்னுக்கும் பக்கத்துக்கும் துள்ளி நோவில்லாமல் இறங்க முடியவேண்டும். முதல் கிழமை பின்வரிசையில் நின்று பந்து எடுங்கள், சேர்விஸ் போடுங்கள். அடுத்த கிழமை சீமெந்துக் கல்லிலிருந்து திரும்பத் தொடங்கி, தனியாக ஓட்டம், பிறகு எதிரில் பிளொக் இல்லாமல் ஷொட். எதிரில் ஆள் நிற்கிற வலைக்கு அதற்குப் பிறகுதான், அதுவும் கணுக்கால் பட்டியோடு.